நான் சொன்ன தேதி

எங்கள் வீட்டில் யார் எந்த நாளில் வீட்டுக்குத் தூரமாகிறார்கள் என்பதை மாதக் காலண்டரில் ஒரு சின்னப் புள்ளியாக வைத்துவிடுவது என் பழக்கம். வேவு பார்ப்பதற்காக இல்லை. பூஜை அறையில் கலசம் வைத்து அம்மனை வணங்குகிற வீடு. அந்த மூன்று நாள் யார் விளக்கேற்றுவது, யார் பூ வைப்பது என்று முன்னாலேயே தெரிந்தால்தான் எதுவும் தடங்கல் இல்லாமல் நடக்கும். நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். ஆனால் நாள் கணக்கில் தப்பியதில்லை என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

மகனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் வயிறு திறக்கவில்லை. மருமகள் அனகாபுத்தூர்ப் பெண். டிகிரி படித்தவள், சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. பேச்சு குறைவு. பேச்சு குறைந்தவர்களை எனக்கு அவ்வளவாக நம்பத் தோன்றாது. மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாதே. இருந்தாலும் நல்ல பெண். நான் சொன்னதை மறுத்ததில்லை.

மாடம்பாக்கத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் பால்குடம் எடுப்பார்கள். குழந்தை வேண்டி அவள் பால்குடம் எடுப்பதாக நான் வேண்டிக்கொண்டேன். ஆடி மூன்றாம் ஞாயிறு பால்குடம், அதற்கு ஏழு நாள் முன்னால் காப்புக் கட்டு. கையில் காப்பு ஏறிவிட்டால் பாதியில் விலக முடியாது. நான் காலண்டரைப் பார்த்தேன். அவளுக்கு முந்தைய புள்ளி ஆனி கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை. எண்ணிப் பார்த்தால் அடுத்தது பால்குடம் முடிந்து மூன்று நாள் கழித்துதான் வருகிறது.

"அத்தை, எனக்குச் சில மாசம் முன்னப்பின்ன ஆகும்" என்றாள்.

"அதெல்லாம் அம்மா பாத்துப்பா. நீ மனசுல கெட்டதை நெனைக்காத" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் புடவையில் தலையில் குடத்தோடு அவள் நடந்ததைத் தெருவே பார்த்தது. முகம் வெளுத்திருந்தது. விரதத்தில் இருக்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வாசலுக்கு வந்தபோது நானே குனிந்து அவள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து வரவேண்டியது வரவில்லை. ஐந்து நாள், எட்டு நாள் போயிற்று. காலண்டரில் புள்ளி இல்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எதிர் வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன். பால்குடத்துக்குப் பேர் எழுதுகிற நோட்டு அந்த அக்கா கையில்தான் இருக்கும்.

"காப்பு அவுத்த சூட்டோட அம்மா கண்ணத் தொறந்துட்டாக்கா!"

"நான் சொன்னேன்ல? கேட்டதைக் குடுக்காம வுட மாட்டா" என்றாள். அன்று சாயந்திரத்துக்குள் தெருக் கோடிவரை தெரிந்துவிட்டது.

எனக்குச் சந்தேகம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மெடிக்கல் ஷாப்பில் அந்தச் சோதனை அட்டையை வாங்கி வரட்டுமா என்று கேட்டால், மருமகள் நழுவினாள்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் அத்தை."

"இன்னும் எத்தினி நாளு? ஊரே கேக்குது."

"ஊருக்கு யாரு சொன்னது?"

அப்படி அவள் என்னிடம் பேசியதே இல்லை. மூன்று வருடம் காத்திருந்த பெண், இருக்கா இல்லையா என்று பார்க்க ஏன் பயப்பட வேண்டும்? ஒருவேளை இவளுக்கே குழந்தை வேண்டாமோ, மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று புத்தி போயிற்று. வெட்கத்தோடு எழுதுகிறேன்: ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் கைப்பையைத் துழாவிப் பார்த்தேன். தலைவலி மாத்திரையும் ஒரு சீப்பும்தான் இருந்தன. அது எனக்கு நிம்மதி தரவில்லை. கெட்டிக்காரி, வேறு எங்கேயோ வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆவணி முடிகிற சமயத்தில் அவளே அட்டை வாங்கி வந்தாள். குளியலறையில் வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்தாள். இரண்டு கோடு. அழுதுகொண்டிருந்தாள்.

"சந்தோசத்துல அழுவுறாம்மா" என்றான் மகன்.

எனக்கு அது சந்தோஷ அழுகையாகத் தெரியவில்லை.

கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி. "கடைசியா பீரியட்ஸ் எப்போம்மா?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ஆனி கடைசி செவ்வாய்க்கிழமை டாக்டர். காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன்."

டாக்டர் மேஜையில் இருந்த, கர்ப்ப நாள் கணக்கிடுகிற வட்ட அட்டையைத் திருப்பிப் பார்த்து, "அப்போ ஒன்பது வாரம் தாண்டி ஆறு நாள்" என்று எழுதிக்கொண்டார். உடனே உள்ளே ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சின்னப் பை தெரிகிறது, ஒரு புள்ளி மாதிரி குழந்தை தெரிகிறது, ஆனால் துடிப்பு இல்லை என்றார் டாக்டர்.

"கிட்டத்தட்ட பத்து வாரத்துக்கு இதயத் துடிப்பு நல்லாத் தெரியணும். இது ஆறு வாரத்து வளர்ச்சிகூட இல்ல. தேதி கரெக்ட்டுதானாம்மா?"

இந்தமுறையும் அவர் மருமகளைத்தான் கேட்டார். இந்தமுறையும் நான்தான் பதில் சொன்னேன். "தப்பாவே இருக்காது டாக்டர்."

அவர் கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம் கழிச்சு வாங்க, திரும்ப ஸ்கேன் பண்ணிப் பாக்கலாம். அப்பவும் துடிப்பு இல்லன்னா மேல யோசிப்போம்."

வழியெல்லாம் மருமகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு டாக்டர் மேல் கோபமான கோபம். தெரிந்தால் தெரிகிறது என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். அது என்ன ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன்? எதிர் வீட்டு அக்கா அதற்கு எண்ணெய் ஊற்றினாள்.

"அதுங்கல்லாம் ஸ்கேன்காரனோட பேசி வெச்சுகினு கீதுங்க. ஒண்ணுக்கு ரெண்டா எடுக்கத்தான் இழுக்குறாங்க. குரோம்பேட்டைல எனக்குத் தெரிஞ்ச எடம் கீது, அங்க காட்டு."

அன்று முழுக்க நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. பப்பாளி சாப்பிட்டாயா, அன்னாசி சாப்பிட்டாயா என்று மருமகளைத் துளைத்தேன். ஆபீசில் மாடிப்படி ஏறினாயா என்றேன். முந்தின வாரம் அஸ்தினாபுரத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போய் வந்திருந்தாள். அங்கே யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். "காபிதான் அத்தை" என்றாள். தெருக் கண் பட்டிருக்கும் என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். தெருவுக்குச் சொன்னது யார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் குரோம்பேட்டை. அங்கேயும் ஸ்கேன் அதையேதான் சொன்னது. அந்த டாக்டர் வேறு மாதிரி, சுறுசுறுப்பு. "தேதி நிச்சயமாத் தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டார்.

"சாமி சத்தியமாத் தெரியும். புள்ளி வெச்சிருக்கேன்" என்றேன்.

"தேதி அவ்வளவு நிச்சயம்னா இது வளராம நின்னுபோச்சு. வெச்சிருந்தா அம்மாவுக்குத்தான் தொந்தரவு. நாளான்னிக்கு வெள்ளிக்கிழமை காலைல வந்து அட்மிட் ஆயிடுங்க. மாத்திரை வெச்சுச் சுத்தம் பண்ணிடலாம்."

மகன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். மருமகள் கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டுமுறை கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல்முறையாக என்னிடம் மன்றாடினாள். "அந்த டாக்டரம்மா ஒரு வாரம் பாக்கலாம்னுதானே அத்தை சொன்னாங்க? ஒரே ஒரு வாரம்."

"உள்ள உசுரு இல்லாதத வெச்சுகினு ஒரு வாரம் இன்னா பண்ணப் போற? உன் உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்படித் தெரியும் உனக்கு?"

அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு மறுபடியும் அந்த உறுத்தல். ஆரம்பத்தில் அட்டை வைத்துப் பார்க்க நாளைத் தள்ளினாள். இப்போது இதற்கும் நாளைத் தள்ளுகிறாள். இந்தப் பெண்ணுக்கு என்னமோ தெரிந்திருக்கிறது, நமக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. என் சந்தேகம் பொய்யில்லை. அது போன திசைதான் பொய்.

வெள்ளிக்கிழமை காலை. பையில் துணி எடுத்து வைத்தாயிற்று. மகன் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தான். நான் கற்பூரம் காட்டிவிட்டு, "உள்ள வந்து குங்குமம் வெச்சுக்கோம்மா" என்றேன். அவள் பூஜை அறை வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"நான் வரக் கூடாது அத்தை."

"ஏன், இன்னிக்கு இன்னா?"

"இன்னிக்கு இல்ல. அன்னிக்கு."

எனக்குப் புரியவில்லை. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"பால்குடம் அன்னிக்கு விடியக்காலைல குளிச்சுட்டுப் புடவை கட்டும்போதே ஆயிடுச்சு அத்தை. கையில காப்பு. வெளிய மேளம் அடிக்கிறாங்க. உங்க வேண்டுதல். நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? அப்படியே தூக்கிட்டேன். அடுத்த மாசம் வந்தா, நாள் தள்ளி வந்துச்சுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். வரல. நெஜமாவே நின்னுடுச்சு. அட்டைல ரெண்டு கோடு பாத்தப்ப என்னாலயே நம்ப முடியல. இப்போ அம்மன் தண்டிச்சுட்டா. தீட்டோட தூக்கினேன்ல, அதான் உள்ள துடிக்கல."

அந்த நிமிஷத்தில் நான் முதலில் நினைத்தது குழந்தையை இல்லை. அந்தப் பாலை நினைத்தேன். அது அம்மன் சிரசில் அபிஷேகமானதை நினைத்தேன். நான் அவள் காலுக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீரை நினைத்தேன். உடம்பெல்லாம் தீ மாதிரி இருந்தது. கை ஓங்கினேனா என்று இப்போது யோசித்தாலும் நினைவில்லை. அவள் ஓர் அடி பின்னால் போனது மட்டும் நினைவிருக்கிறது.

அப்புறம்தான் விரல் தானாக எண்ணத் தொடங்கியது. ஆடி மூன்றாம் ஞாயிற்றிலிருந்து இந்த வெள்ளிக்கிழமைவரை ஒவ்வொரு வாரமாக மடக்கினேன். ஆறு விரல் மடங்கியது. மேலே ஐந்து நாள். ஆறு வாரத்து வளர்ச்சிகூட இல்லை என்று கேம்ப் ரோட்டு டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. அவர் சொன்ன அன்றைக்கு ஆறு வாரம் நிறைந்து ஒருநாளோ என்னவோ.

"அப்போ நான் அங்க சொன்ன தேதி?"

"அது அதுக்கு முந்தின மாசத்துது அத்தை."

"ஏன்டி, டாக்டர் கேட்டப்ப வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நீங்க சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?" என்றாள். "ஒரு வாரம் கெடைச்சா தானா துடிச்சுடும், சொல்லாமலே போயிடும்னு நெனச்சேன். அம்மன் கோவமா இருந்தா துடிக்காதுன்னும் நெனச்சேன். எது நெஜம்னு எனக்கே தெரியல."

ஆட்டோ வந்து நின்றது. "கேம்ப் ரோடு போவச் சொல்லு" என்றேன்.

"குரோம்பேட்டைதானேம்மா? அட்மிசன் போட்டிருக்காங்களே?" என்று மகன் முழித்தான்.

"ஏறு. வழியில சொல்றேன்." வழியெல்லாம் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே நர்ஸ் எங்கள் பக்கத்துப் பெண். நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருந்தாள். அவளும் அந்த ஆடியில் குடம் எடுத்தவள் என்று எனக்குத் தெரியும். அவள் எதிரில்தான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் வந்ததும், "நான் சொன்ன தேதி தப்பு டாக்டர். இவளையே கேளுங்க" என்றேன்.

மருமகள் தேதியைச் சொன்னாள்.

"இது மட்டும் எப்படி இவ்வளவு நிச்சயமா ஞாபகம் இருக்கு?" என்றார் டாக்டர்.

"அன்னிக்குப் பால்குடம் எடுத்தேன் டாக்டர்."

நர்ஸ் கையில் இருந்த ஃபைலோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

டாக்டர் வட்ட அட்டையைத் திருப்பினார். முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வாங்க, பாத்துடலாம்" என்றார். திரையில் முதலில் எனக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. அவர் விரலால் தொட்டுக் காட்டினார். டியூப்லைட் எரிவதற்கு முன்னால் முனையில் துடிக்குமே, அந்த மாதிரி ஒன்று, நிற்காமல்.

"இருக்கு. ஆறரை வாரத்துக்குச் சரியாத்தான் இருக்கு."

மகன் சுவரில் சாய்ந்து அழுதான். மருமகள் அழவில்லை. திரையையே உற்றுப் பார்த்தாள், அது எப்போது நின்றுவிடுமோ என்பதுபோல.

டாக்டர்கள் மேல் இருந்த சந்தேகம் அன்றோடு எனக்குப் போயிற்று. ஆனால் போன இடம் காலியாக இருக்கவில்லை. சொல்லக் கூடாது, சொல்கிறேன்: எனக்கு அம்மன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்குவாளோ, குழந்தையில் ஒரு குறை வைத்துத் தீர்த்துக்கொள்வாளோ என்று. மூன்றாம் மாதம் குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் அளந்து பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் ஒருவேளைதான் சாப்பிட்டேன். நல்லபடியாக வந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனில் முதுகெலும்பு, மூளை, இதயத்தின் நாலு அறை, கை கால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றுக்கும் மருமகள் முகம் ஒருமுறை இறுகித் தளர்ந்தது. ரிப்போர்ட்டை வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தாள்.

"எல்லாம் நார்மல்னுதானே போட்டிருக்கு? இன்னா தேடுற?" என்றேன்.

"நீங்க என்ன தேடுறீங்களோ அதைத்தான் அத்தை" என்றாள்.

கோயில் பூசாரியிடம் கேட்கலாமா என்று பலமுறை நினைத்தேன். கேட்டால் பரிகாரம் சொல்வார். பரிகாரம் என்றால் தப்பு நடந்தது என்று ஆகிவிடும். தப்பு நடந்ததா என்பதே எனக்கு அப்போது நிச்சயமில்லை. அவள் தூரமாயிருந்த நாளில் குடம் தூக்கினாள். அந்த மாதமே கரு தங்கியது. இதில் கோபம் எங்கே இருக்கிறது என்று நானே என்னைக் கேட்டுக்கொள்வேன். விளக்கேற்றிவிட்டு எழுந்துவிடுவேன்.

சித்திரை பிறந்தது. இப்போது தெரு எண்ணத் தொடங்கியது. நான் பெருமையாகச் சொன்ன கணக்குப்படி குழந்தை பிறந்திருக்க வேண்டும். எதிர் வீட்டு அக்கா ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தாள்.

"நாளு தாண்டிப் போச்சேடி. தண்ணி வத்திடப் போவுது, ஆப்ரேசன் பண்ணிடச் சொல்லு."

"இன்னும் ரெண்டு வாரம் கீதுக்கா."

"எப்படி கீது? நீதானே ஆடிலயே சொன்ன?" என்றவள் பார்வை, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளின் வயிற்றின் மேல் போயிற்று. ஒரு மாதிரி இடுங்கிற்று. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கைப்பையைத் துழாவிய அன்று என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். இதை இப்படியே விட்டால் நாளைக்குத் தெரு என் மருமகளைப் பற்றி என்ன பேசும் என்பதும் தெரியும்.

"அவ பால்குடம் அன்னிக்குத்தான்க்கா தூரமானா. எனக்குத் தெரியாது. அதுக்கு முந்தின மாசத்த வெச்சு நான் தப்பா எண்ணிட்டேன்."

"குடத்தோடயா?"

"குடத்தோடதான்."

"அந்தப் பாலு அம்மனுக்கு அபிசேகம் ஆச்சேடி!"

"ஆச்சுக்கா. ஆன மாசத்துலதான் குடுத்தா."

வைத்த காபி வைத்தபடி இருக்க, அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். துணி மடிக்கிற சத்தம் உள்ளே நின்றுபோயிருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி கேட்டது.

சித்திரை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது நான் முதலில் விரல்களைத்தான் எண்ணினேன். கையில் பத்து, காலில் பத்து. எண்ணி முடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

இந்த ஆடிக்குப் பால்குட நோட்டு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. ஊர்வலம் எங்கள் வாசலைத் தாண்டியபோது கையெடுத்துக் கும்பிட்டேன். குடம் எடுத்துப் போன பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதில் இன்று யார் யாரோ என்று தோன்றியது. தோன்றாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே வந்து, வீட்டிலேயே அம்மனுக்குப் பால் வைத்தேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மருமகள் விளக்கேற்ற உட்கார்ந்தாள். இன்றைக்கு உனக்கு என்ன நாள் என்று கேட்க நாக்குவரை வந்தது. கேட்கவில்லை.